வார்டில் இடமில்லாத வல்லுநர்

மருந்தாளுநர் பட்டமான ஃபார்ம்.டி படிக்கும் மாணவர்களிடம் அடுத்து என்ன உத்தேசம் என்று கேட்டால், பி.சி.பி.எஸ். என்ற எழுத்துகள் பலர் பதிலில் வந்துவிடுகின்றன. மருந்தாளுநர்களின் சிறப்புத் துறைகளுக்கென்று இருக்கும் அமெரிக்க வாரியத்தின் மருந்துச் சிகிச்சைத் தேர்வில் தேறியவர்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எழுத்துகள் அவை. ஆறு வருடம் படித்தும் வார்டில் தனக்கென்று ஒரு வேலை இல்லாத பட்டதாரிக்கு அந்த எழுத்துகளின் மேல் ஆசை வருவது இயல்பு. அந்தச் சான்று என்ன தருகிறது, எதைத் தராது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க ஏனாத்தூர் தோதான இடம். காஞ்சிபுரத்தின் இந்த ஓரத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அருகே காரப்பேட்டையில் 1969இல் தொடங்கிய அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் இருக்கின்றன. சுற்று வட்டாரத்தில் தறிக்காரர்களும் விவசாயிகளும். நவீன மருத்துவமும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஊர்.

அமெரிக்க வாரியம் 1976இல் அமைந்தது. 1978இல் அது ஏற்றுக்கொண்ட முதல் சிறப்புத் துறை அணுக்கதிர் மருந்துகள். அதுதான் முதலில் வந்ததற்குக் காரணம் உண்டு. கதிரியக்க மருந்தைத் தயாரித்து, அளந்து, அது வீரியம் இழப்பதற்குள் நோயாளிக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை அங்கே சில மருந்தாளுநர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். வேலை முதலில் வந்தது. அதற்கான தேர்வு பின்னால் வந்தது. மருந்துச் சிகிச்சை 1988இல், புற்றுநோய் 1996இல், தீவிர சிகிச்சையும் குழந்தைகள் நலமும் 2013இல் என்று மற்றத் துறைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இன்று சான்று பெற்றவர்கள் 50,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். ஏழு வருடத்துக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பலத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ரத்த நாளம் வழியாக மட்டுமே செலுத்தலாம். அதே நோயாளிக்கு முதுகுத்தண்டில் போட மெத்தோட்ரெக்ஸேட் என்ற இன்னொரு மருந்தும் இருக்கும். இரண்டும் ஒரே நாளில், ஒரே தட்டில், சிரிஞ்சில் வந்து, கை மாறி வின்கிரிஸ்டின் முதுகுத்தண்டுக்குள் போய்விட்டால் நோயாளி பிழைப்பது அரிதிலும் அரிது. உலகின் பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. பரிகாரம் எளியது: வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் நிரப்பாமல் சிறிய சலைன் பையில் கலந்து அனுப்ப வேண்டும். பையை யாரும் முதுகில் ஏற்றப் போவதில்லை. இதை மருந்து கலக்கும் அறையிலேயே முடிவு செய்பவர் மருந்தாளுநர். ஏன் அப்படிச் செய்கிறோம் என்பது ஆழமாகத் தெரிந்தவர் அந்த அறையில் இருக்க வேண்டும். அவர் ஒருமுறை படித்து மறந்தவராகவும் இருக்கக் கூடாது. புற்றுநோய்த் துறைக்குத் தனித் தேர்வும், குறித்த காலத்துக்கொருமுறை மறுமதிப்பீடும் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அதை நிதானமாகப் படித்தால் வேறொரு செய்தி கிடைக்கும். பாஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் காலை ரவுண்ட்ஸில் ஒரு மருந்தாளுநரை மருத்துவர்களோடு சேர்ந்து நடக்க வைத்தார்கள். மருந்து எழுதுவதில் நேர்ந்த, தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 66 சதவீதம் குறைந்தன. அவர் சொன்ன 366 யோசனைகளில் 362ஐ மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். லீப் என்பவரின் குழு இதை வெளியிட்டது 1999இல். தீவிர சிகிச்சையை வாரியம் சிறப்புத் துறையாக ஏற்றது அதற்குப் பதினான்கு வருடம் கழித்து. அப்படியானால் அந்த 66 சதவீதத்தைக் கொண்டுவந்தது அந்தத் துறையின் சான்று அல்ல. மருந்து எழுதும் அந்த நிமிடத்தில், எழுதுபவர் பக்கத்தில் மருந்தாளுநர் நின்றது. கேஸ் ஷீட்டைப் பார்த்து “ஐயா, சிறுநீரகம் இப்படி இருக்கையில் இந்த அளவு அதிகம்” என்று அவர் சொல்ல முடிந்தது, மருத்துவர் அதைக் கேட்டது.

நம் ஊரில் இல்லாதது அந்த நிமிடம்தான். ஃபார்ம்.டி படிப்பு 2008இல் ஒழுங்குமுறையாக வந்தது. ஐந்து வருடம் படிப்பு, ஒரு வருடம் மருத்துவமனையில் பயிற்சி. 2015இல் மருந்தாளுநர் பணிக்கான விதிமுறைகள் வந்தன. 2021இல் அவற்றைத் திருத்தி, கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் என்ற பதவியையும் எழுதி வைத்தார்கள். காகிதத்தில் குறையில்லை. அரசு மருத்துவமனையிலோ மருந்தாளுநர் பணி இன்றைக்கும் டிப்ளமா படிப்பை அடிப்படையாக வைத்தே நிற்கிறது. அவர் இடம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால். அவர் வேலை இருப்பைக் கணக்குப் பார்ப்பதும் நீண்ட வரிசைக்கு மாத்திரை எண்ணிக் கொடுப்பதும். அந்த வேலையை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை, அது நின்றால் மருத்துவமனையே நின்றுவிடும். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவரிடம் எத்தனை சான்று இருந்தாலும், வார்டில் எழுதப்படும் சீட்டு அவர் கைக்கு வருவதற்குள் முடிவாகிவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

அடுத்த குறை பாடத்தில் இருக்கிறது. அமெரிக்கத் தேர்வு அமெரிக்க வழிகாட்டு நெறிகளைச் சுற்றியே நடக்கும். அது அவர்கள் குற்றமல்ல. ஆனால் காஞ்சிபுரம் வட்டாரத்தில் வயலில் பாம்பு தீண்டிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு எடைக்கேற்ப விஷமுறிவு மருந்தைக் குறைக்கலாமா? கூடாது. உடம்பு சிறியது என்பதால் பாம்பு விஷத்தைக் குறைத்து ஏற்றுவதில்லை. ஆகவே பெரியவர்களுக்குத் தரும் அளவுதான் குழந்தைக்கும். எடைபார்த்தே குழந்தை மருந்தை அளந்து பழகியவர் தடுமாறக்கூடிய இடம் இது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமான அந்த மருந்துக்கு விஷம் சேகரித்துத் தரும் இருளர் கூட்டுறவுச் சங்கம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில்தான் இருக்கிறது. நமக்கென்று ஒரு தேர்வு வந்தால் இந்தக் கேள்வி அதில் இருக்க வேண்டும். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் ஏற்றும் கணக்கும் இருக்க வேண்டும்.

தறிக்காரர் கதையும் அதில் வேண்டும். தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுக்கக் குனிந்து நெய்பவருக்கு இடுப்பு வலி வருவது புதிதல்ல. கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். ரத்த அழுத்தத்துக்கு லோசார்டனும், சிறுநீர் பிரியும் மாத்திரையும் ஏற்கெனவே சாப்பிடுகிறார். வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு வரும் ரத்தக் குழாயைச் சுருக்கும். லோசார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். மூன்றாவது உடம்பின் நீரைக் குறைக்கும். சித்திரை வெயிலில், சரியாகத் தண்ணீர் குடிக்காத நாளில், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைப் படுக்க வைத்துவிடலாம். இதைத் தடுக்க எந்த வாரியச் சான்றும் தேவையில்லை. கடையில் நிற்பவர் “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க அண்ணே?” என்று கேட்டாலே போதும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்லது. வலி மாத்திரையோ கடையிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். சிறப்பு வல்லுநர் மோகத்தில் இந்தச் சாதாரண மருந்தாளுநரை மறந்துவிடுவோமோ என்பதே என் பெரிய கவலை.

செலவையும் சொல்லிவிட வேண்டும். தேர்வுக் கட்டணம் சுமார் 600 டாலர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அதன் பிறகு ஆண்டுக் கட்டணம், புதுப்பிப்புப் பாடங்கள். புதுப்பிப்பு என்ற பெயரில் பயனில்லாத சுமை ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே பாடம் இருக்கிறது. பொது மருத்துவ நிபுணர்களுக்குச் சான்று தரும் வாரியத்தின் மேல் மருத்துவர்கள் கொதித்தெழ, 2015 பிப்ரவரியில் அந்த வாரியம் மன்னிப்புக் கேட்டுச் சில நிபந்தனைகளை நிறுத்தி வைத்தது.

பதவி வரும்வரை சான்றே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. சான்று பெற்ற இளைஞர் ஒருவர் தைரியமாகப் பேசுவார். தயங்கும் மருத்துவரும் காது கொடுப்பார். ஒரு தனியார் மருத்துவமனை அப்படி ஒருவரைச் சேர்த்து, தப்பு குறைந்ததைக் கண்டால் இரண்டாமவருக்கும் இடம் போடும். இந்த வழியில் சில கதவுகள் திறக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறக்கும் கதவுகளில் பல வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. காரப்பேட்டை நோயாளிக்கு அதில் பங்கில்லை.

மருத்துவர்களுக்கென்று தேசியத் தேர்வு வாரியம் 1975இலிருந்து இருக்கிறது. அதே வாரியத்தின் கீழ் மருந்தாளுநருக்கும் புற்றுநோய், தீவிர சிகிச்சை, நஞ்சு மருத்துவம் என மூன்றே துறைகளில் தேர்வைத் தொடங்கலாம். முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தத் துறைகளுக்குப் பணியிடம் உருவாக்க வேண்டும். அதில் சேர்ந்து ஒரு வருடம் ரவுண்ட்ஸில் நடந்தவர்தான் தேர்வெழுதலாம். அவர் தலையிட்டுத் திருத்திய சீட்டுகளின் பதிவேட்டில் வார்டு மருத்துவரின் கையெழுத்து இருக்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அதற்கே. கட்டணத்தை மருத்துவமனை கட்ட வேண்டும். தேறினால் சம்பளம் ஒரு படி ஏற வேண்டும். ஐந்து வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போதும் வகுப்பில் உட்கார்ந்த மணிநேரத்தைக் கேட்காமல் அந்தப் பதிவேட்டையே திரும்பக் கேட்க வேண்டும்.