வீழ்ந்த நகரும் விடுபட்ட மனிதரும்

தாய்லாந்தின் மூன்றாம் அலைவரிசை 2018இல் ஒளிபரப்பிய ‘புப்பேசன்னிவாத்’, நாராய் மன்னன் (1656–1688) காலத்து அயுத்தயாவை மீளப் படைக்கும் தொலைக்காட்சித் தொடராகும். நிகழ்காலத்திலிருந்து அக்காலத்துப் பிரபுக் குடும்பமொன்றிற்குச் சென்று சேரும் நாயகி, தொல்லியல் கற்றவள். அமைச்சராக உயர்ந்த கிரேக்கரான போல்கன் 1688இல் கொல்லப்படுவதையும், 1767இல் பர்மியப் படையால் நகரே அழிவதையும் அவள் முன்னறிவாள். அரசவையினரின் செருக்கின் மீது இவ்வறிவு துயரத்தின் நிழலைப் படரவிடுகிறது. தொடரின் வலிமை இதுவே.

ஆயினும், அடிமைப் பணிப்பெண்களை நோக்கும்போது அதே அறிவு நகைச்சுவையாகச் சிறுத்துவிடுகிறது. 1905இலேயே சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்ட அடிமைமுறையின் கொடுமை, இங்கு எசமானியின் அன்பினால் மூடப்படுகிறது. அரண்மனையின் வீழ்ச்சிக்குக் கண்ணீர் கோரும் கலை, அதனைச் சுமந்த தோள்களைக் காணாதுவிடின், வரலாற்றின் பாதியையே கூறியதாகும்.