நிகழ்படமும் உடைமையுறவும்: பியர்ரியூப் பற்றிய ஒரு நோக்கு

2006இல் கூகிள் நிறுவனம் யூரியூப்பை 165 கோடி டொலருக்கு வாங்கியபோது, தொழில்நுட்பத்தோடு பார்வையாளர் கூட்டமும் அதன் கைக்குச் சென்றது. எதனை யார் பார்ப்பர் என்பதை நெறிப்படுத்தும் அதிகாரம் பின்னர் விளம்பர வருவாயோடு பிணைந்தது. இந்நிலைக்கு மாற்றாகப் பிரான்சின் பிரமாசொவ்ற் என்னும் இலாபநோக்கற்ற சங்கம் 2018இல் பியர்ரியூப்பின் முதற் பதிப்பை வெளியிட்டது. இதன் மூலநிரலை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம். எக்குழுவும் தனக்கெனச் சேவையகம் அமைத்து, அக்ரிவிற்றிபப் என்னும் பொது நெறிமுறையால் ஏனையவற்றோடு இணையலாம். ஒரே படத்தை ஒருங்கே பார்ப்போரின் கணினிகள் அதன் கூறுகளைத் தம்முட் பகிர்வதால் சேவையகத்தின் சுமையும் குறைகின்றது.

ஆயின், சாதனம் பரவலாக்கப்பட்டமையாலேயே உடைமையுறவு மாறிவிட்டது எனக் கொள்வது தொழில்நுட்ப மயக்கமாகும். சேவையகத்துக்கு வாடகை உண்டு. பராமரிப்புக்கு உழைப்பு வேண்டும். அவற்றைத் தாங்குவோரே அங்கு விதிகளையும் வகுக்கின்றனர். ஆதலின், ஒரு பேராதிக்கத்தின் இடத்திற் பல சிற்றாதிக்கங்கள் தோன்றக்கூடும் என்பது மனங்கொள்ளத்தக்கது. வெளியேறித் தமக்கென ஓரிடம் அமைக்கும் வாய்ப்பைப் படைப்பாளிக்கு அளித்தமையே பியர்ரியூப்பின் மெய்யான பேறு எனலாம். அவ்வாய்ப்பைச் சமூகத்தின் சொத்தாக்குவதற்குச் செலவையும் பொறுப்பையும் கூட்டாக ஏற்கும் அமைப்புகள் தேவை. அவை வலுப்பெறும்வரை இம்மாற்று கருவியளவிலேயே நிற்கும்.