நினைவின் உரிமை: ஹெமிங்வேயின் ‘பசுமைக் குன்றுகள்’ நூலில் இரலை வேட்டையும் நினைவுகூரலும்

ஆய்வுச்சுருக்கம்

எர்னெஸ்ட் ஹெமிங்வே 1935இல் வெளியிட்ட ‘கிரீன் ஹில்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா’ (ஆப்பிரிக்காவின் பசுமைக் குன்றுகள்) வேட்டைப் பயண நூலாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. குடு என்னும் இரலையைத் தேடிய பயணத்தைக் கூறும் இந்நூல், வேட்டையைக் காட்டிலும் அதனை நினைவுகூரும் முறையைப் பற்றியே மிகுதியும் பேசுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஒரே பயணத்தில் பங்கேற்றோருள் யாருடைய நினைவு எழுத்தாகிறது, யாருடைய நினைவு எழுத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது என்பதை நூலின் அகச்சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஹெமிங்வே, பயண இலக்கியம், வேட்டை, நினைவு, குடு இரலை, தங்கனீக்கா, காலனியம்

முன்னுரை

1933 டிசம்பர் முதல் 1934 பிப்ரவரி வரை ஹெமிங்வே, அவருடைய மனைவி பாலீன் பைஃபர், நண்பர் சார்லஸ் தாம்சன் ஆகிய மூவரும் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேட்டைப் பயணம் மேற்கொண்டனர். பிலிப் பெர்சிவல் என்னும் ஆங்கிலேய வேட்டை வழிகாட்டி அதனை நடத்திச் சென்றார். வேட்டையின் பெரும்பகுதி அன்று பிரித்தானியப் பொறுப்பாட்சியில் இருந்த தங்கனீக்காவில் நிகழ்ந்தது. இப்பயணத்திலிருந்து தோன்றிய நூல் 1935இல் ‘ஸ்கிரிப்னர்ஸ்’ இதழில் தொடராகவும் அவ்வாண்டின் இறுதியில் நூலாகவும் வந்தது.

நூலின் முகவுரையில் ஆசிரியர் ஒரு பந்தயம் கட்டுகிறார். இதில் வரும் மாந்தரோ நிகழ்ச்சியோ கற்பனையன்று. முற்றிலும் உண்மையான ஒரு நூல், ஒரு நாட்டின் வடிவத்தையும் ஒரு மாதச் செயலின் அமைப்பையும் சரியாகத் தந்தால், கற்பனைப் படைப்போடு போட்டியிட முடியுமா என்று பார்ப்பதே தம் நோக்கம் என்கிறார். திறனாய்வாளர்கள் பலரும் இப்பந்தயத்தையே அளவுகோலாகக் கொண்டு, நூல் வென்றதா தோற்றதா என்று வாதிட்டனர். வினாவே பிழையான இடத்தில் நிற்பதாகக் கருத இடமுண்டு. உண்மை, கற்பனை என்னும் இரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று இந்நூலில் ஓயாமல் இயங்குகிறது: பலர் சேர்ந்து உருவாக்கிக்கொள்ளும் நினைவு.

சொல்லாட்சி குறித்து ஒரு குறிப்பு தேவை. ‘மான்’ என்னும் தமிழ்ச்சொல் ஆண்டுதோறும் உதிரும் கிளைக்கொம்பு உடையவற்றையும், உதிராத தனிக்கொம்பு உடையவற்றையும் ஒருங்கே குறிக்கிறது. குடு இரண்டாம் வகையைச் சார்ந்தது. முறுக்கிய கொம்புடைய விலங்கைச் சங்கப் பாடல்கள் இரலை எனக் குறிப்பதால், இன்றைய கலைச்சொல்லாகிய மறிமானை விடுத்து இரலை என்பதே இங்கு ஆளப்படுகிறது. கொம்பு உதிராமல் நிலைப்பது என்னும் செய்தி விலங்கியலோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. வேட்டைக்காரர் வீட்டுச் சுவருக்கு அதுவே காரணம்.

திட்டமும் காலமும்

நூல் நான்கு பகுதிகளாக அமைந்துள்ளது. ‘துரத்தலும் உரையாடலும்’, ‘நினைவுகூர்ந்த துரத்தல்’, ‘துரத்தலும் தோல்வியும்’, ‘துரத்தல் என்னும் மகிழ்ச்சி’ என அவற்றின் தலைப்புகளைத் தமிழில் தரலாம். கதை பயணத்தின் தொடக்கத்திலிருந்து தொடங்கவில்லை. விலங்குகள் உப்பு நக்க வரும் இடத்தில், கிளைகளால் கட்டப்பட்ட மறைவிடத்தில் காத்திருக்கும் காட்சியே முதலில் வருகிறது. பழுதுபட்ட ஒரு சரக்குந்தின் ஓசை குடுவை விரட்டிவிடுகிறது. மழைக்காலம் நெருங்குகிறது, பாதைகள் சேறாகுமுன் வெளியேறியாக வேண்டும். நாள்கள் எண்ணப்படும் நெருக்கடியில்தான் வாசகர் நூலுக்குள் நுழைகிறார். அதன்பின் இரண்டாம் பகுதி முந்தைய வாரங்களுக்குத் திரும்புகிறது.

இவ்வடைவு வெறும் உத்தியன்று. வேட்டைத் திட்டம் என்பது முன்னோக்கிய காலம்; எத்தனை நாள், எந்த நிலம், எந்த விலங்கு, உரிமச்சீட்டில் எத்தனை என்பன அதில் அடங்கும். நினைவு பின்னோக்கிய காலம். இரண்டையும் ஒரே வாரத்துக்குள் மோதவிடுவதன்மூலம், வேட்டை முடியுமுன்பே அதனை நினைவுகூரத் தொடங்கிவிட்ட ஒரு மனத்தை நூல் காட்டுகிறது. இரண்டாம் பகுதியின் தலைப்பிலேயே நினைவு இடம்பெறுவது நோக்கத்தக்கது.

திட்டத்தின் மற்றொரு பக்கம் பணம். பயணச் செலவைப் பாலீனுடைய தந்தையின் உடன்பிறந்தவரான கஸ் பைஃபர் ஏற்றார் என்பது வாழ்க்கை வரலாற்றாசிரியர் அறிந்த செய்தி. முதற்பகுதியில் கண்டிஸ்கி என்னும் ஆஸ்திரியருடன் நிகழும் உரையாடலில், அமெரிக்க எழுத்தாளர்களைப் பணம் எவ்வாறு கெடுக்கிறது என்பதைக் கதைசொல்லி விரிவாகப் பேசுகிறார். அவ்வுரையாடல் நிகழும் முகாமுக்கு யார் பணம் கொடுத்தார் என்பது மட்டும் பேச்சில் வருவதில்லை. முற்றிலும் உண்மை என்னும் முகவுரைக்கு இது முரண் என்று கூறிவிட முடியாது. நினைவு தேர்ந்தெடுக்கிறது, அவ்வளவே. ஆனால் தேர்வு எத்திசையில் சாய்கிறது என்பதைக் கவனிக்கும் பொறுப்பு திறனாய்வாளருக்கு உண்டு.

நோயைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். பயணத்தின் இடையில் ஹெமிங்வே கடும் வயிற்றுக்கடுப்பால் தாக்குண்டு விமானத்தில் நைரோபிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நூலில் நோய் ஓரிரு இடங்களில் வந்து போகிறது. வான்வழிப் பயணம் காட்சியாக விரிவதில்லை. அக்காட்சி 1936இல் வெளிவந்த ‘கிளிமஞ்சாரோவின் பனிமுடிகள்’ சிறுகதையில், இறந்துகொண்டிருக்கும் எழுத்தாளனின் இறுதிக் கனவாக இடம்பெறுகிறது. உண்மை நூல் விட்டதைக் கற்பனைக் கதை எடுத்துக்கொண்டது. முகவுரைப் பந்தயத்திற்கு ஹெமிங்வேயே எழுதிய மறுப்பு என்று இதனைக் கொள்ளலாம்.

சிங்கத்தைக் கொன்றவர் யார்?

பகிர்ந்த நினைவு எவ்வாறு உருவாகிறது என்பதற்கு நூலின் மிகச் சிறந்த சான்று இரலை வேட்டையில் இல்லை. அதற்குமுன் நிகழ்ந்த சிங்க வேட்டையில் உள்ளது. கதைசொல்லியின் மனைவி நூலில் ‘பி. ஓ. எம்.’ எனப்படுகிறார், ‘பாவம் கிழ அம்மா’ என்பது போன்ற ஒரு செல்லப்பெயரின் முதலெழுத்துகள் இவை. முதலில் அவர் சுடுகிறார். பின்னர்க் கதைசொல்லி சுடுகிறார். வீழ்த்தியது இரண்டாமவரின் குண்டே என்பதை நூல் மறைக்கவில்லை. ஆயினும் துப்பாக்கி சுமக்கும் ம்கோலா, கொன்றவர் அம்மையாரே என்று உறுதியாக நிற்கிறார். முகாம் முழுவதும் பாடுகிறது. அவரைத் தோளில் சுமந்து கூடாரத்துக்குக் கொண்டுவருகிறது. பெருமைக்குரிய அவருக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. எனினும் அந்த இரவு உண்மையாகிவிடுகிறது.

இங்கு நிகழ்வதைப் பொய் என்று ஒதுக்கிவிட இயலாது. ஒரு சமூகம், தற்காலிகமானதே ஆயினும், தன் நினைவைப் பாட்டாலும் சுமத்தலாலும் தீர்மானிக்கிறது. முற்றிலும் உண்மையான நூல் எழுதப் புறப்பட்டவர், நடந்தது ஒன்றும் நினைக்கப்பட்டது மற்றொன்றுமாக இருப்பதை இரண்டுமாகவே பதிந்திருப்பது இந்நூலின் நேர்மைக்குச் சான்று. 1935ஆம் ஆண்டு மதிப்புரையாளர்கள் நூலாசிரியரின் தற்பெருமையைச் சுட்டிக் கடிந்ததில் நியாயம் உண்டு. ஆனால் தற்பெருமை மட்டுமே உடைய ஒருவரால் இக்காட்சியை எழுதியிருக்க முடியாது.

அளவுநாடாவும் பெருவிரலும்

வேட்டை நினைவுக்கு இரண்டு ஆவணங்கள் உண்டு: ஒன்று கதை, மற்றொன்று கொம்பு. கொம்பு அளக்கப்படுவது. 1892இல் ரோலண்டு வார்டு வெளியிடத் தொடங்கிய பதிவேடுகள் விலங்கு, கிடைத்த இடம், கொம்பின் நீளம், உரியவர் பெயர் ஆகியவற்றை நிரலாக அச்சிட்டன. அந்நிரலில் துரத்தலுக்கு இடமில்லை. மழைக்கும் காத்திருப்புக்கும் இடமில்லை.

நூலின் இறுதிப் பகுதி இவ்விரு ஆவணங்களையும் நேருக்குநேர் நிறுத்துகிறது. கதைசொல்லி புதிய நிலத்துக்குச் செல்கிறார். மசாய் இளைஞர்கள் ஊர்தியோடு ஓடிவருகின்றனர். அந்தி வெளிச்சத்தில் இரண்டு பெரிய ஆண் குடுக்கள் வீழ்கின்றன. மறுநாள் ஒரு சேபிள் இரலை காயத்தோடு தப்பிவிடுகிறது. அதனைத் தேடிக் காணாத வருத்தத்தை நூல் நேர்மையாகவே எழுதுகிறது. இரவில் முகாமுக்குத் திரும்பினால், கார்ல் (இது தாம்சனுக்கு நூல் தரும் பெயர்) கொண்டுவந்த கொம்புகள் அங்கே உள்ளன. அவை எல்லாவற்றினும் பெரியவை. கதைசொல்லியின் மகிழ்ச்சி பொறாமையாக நொடியில் மாறுகிறது. அதனை மறைக்கும் முயற்சியும் சரிவரக் கைகூடவில்லை. நான்காம் பகுதியின் தலைப்பில் உள்ள மகிழ்ச்சியை அளவுநாடா ஒரே இரவில் பறித்துவிடுகிறது. கார்லுக்கு எழுத்து இல்லை, கொம்பு உண்டு. கதைசொல்லிக்குக் கொம்பில் தோல்வி, எழுத்து உண்டு. நூல் முழுவதையும் அந்தத் தோல்விக்கான ஈடாக வாசிப்பது மிகையாகாது.

இவ்விரு ஆவணங்களுக்கும் வெளியே மூன்றாவது ஒன்று உள்ளது. குடு வேட்டையின் வெற்றிக்குப்பின் ஆப்பிரிக்கத் தோழர்கள் கதைசொல்லியின் பெருவிரலைப் பிடித்து இழுக்கின்றனர். அதன் பொருள் அவருக்குத் தெரியவில்லை. நூலில் ‘பாப்’ எனப்படும் வழிகாட்டியிடம் கேட்கிறார். குருதிவழிச் சகோதரத்துவம் போன்றது, சற்றே சடங்கு குறைந்தது என்னும் பொருளில் விடை வருகிறது. இங்கு ஒன்றைக் கருத வேண்டும். பெருவிரலை இழுத்தவர்களிடம் அவர் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு அவரிடம் சுவாகிலி மொழி இல்லை. தமக்கு அளிக்கப்பட்ட மிகப் பெரிய மதிப்பின் பொருளை அவர் மற்றொரு வெள்ளையரிடமிருந்தே பெறுகிறார். பகிரப்பட்ட நினைவு பகிர்ந்த இடத்திலேயே மொழிபெயர்ப்பாளரின் கைக்குப் போய்விடுகிறது.

பெயர்கள்

நூலில் எல்லாருக்கும் மாற்றுப்பெயர் உண்டு. பாப், பி. ஓ. எம்., கார்ல் ஆகியோரின் இயற்பெயரை இன்று எந்த மாணவரும் கூற முடியும். இமை தொங்கியவர் என்பதால் ‘ட்ரூப்பி’, நாடகத்தன்மையோடு நடந்துகொண்டவர் என்பதால் 18ஆம் நூற்றாண்டு ஆங்கில நடிகரின் பெயரால் ‘கேரிக்’, தோற்றத்தால் ‘ரோமன்’ என ஆப்பிரிக்கத் தடமறிவோருக்குச் சூட்டப்பட்ட பெயர்களோ அப்படியே நின்றுவிட்டன. உண்மை மாந்தர் என்னும் முகவுரையின் உறுதிமொழி ஒரு சாராருக்கே நிறைவேறியது.

இதனைத் தனிமனிதக் குறையாக மட்டும் காண்பது போதாது. ஜான் மெக்கன்சியின் ‘தி எம்பயர் ஆஃப் நேச்சர்’ (1988), எட்வர்டு ஸ்டைன்ஹார்ட்டின் ‘பிளாக் போச்சர்ஸ், ஒயிட் ஹண்டர்ஸ்’ (2006) ஆகிய ஆய்வுகள் காலனிய வேட்டைச் சட்டங்கள் செய்ததை விளக்கியுள்ளன. உணவுக்காக வேட்டையாடிய ஆப்பிரிக்கர் திருட்டு வேட்டைக்காரராகவும், உரிமச்சீட்டுடன் கொம்புக்காக வேட்டையாடியவர் கண்ணியமானவராகவும் வகுக்கப்பட்டனர். ஹெமிங்வே பயணம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, 1933 நவம்பர் 8 அன்று, ஆப்பிரிக்க விலங்கு, தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை இலண்டனில் கையெழுத்தானது. நூலின் இறுதிப் பகுதியில் கதைசொல்லி, அயலார் வந்தவுடன் ஒரு கண்டம் விரைவில் முதுமையடைகிறது என்றும், மண்ணோடு இயைந்து வாழ்வோர் அதன் மக்களே என்றும் எண்ணுகிறார். உயர்ந்த எண்ணம்தான். ஆனால் அதே நூலில், பஞ்சம் பாதித்த பகுதியை விட்டு வில்லும் அம்பறாத்தூணியுமாகச் சாலையில் நடந்து செல்வோரைக் கடந்து அவருடைய ஊர்தி குடுவைத் தேடி விரைகிறது. வில் ஏந்தியவரின் வேட்டை நினைவுகள் எவை என்னும் வினா அவருக்கு எழவில்லை.

கலிலேயக் கரையில்

நூலின் கடைசிக் காட்சி ஆப்பிரிக்காவில் இல்லை. வேட்டை முடிந்து ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப்பின், கலிலேயக் கடலருகே கற்சுவரில் சாய்ந்து, வெயிலில் அமர்ந்து அவர்கள் உணவு உண்கின்றனர். வழிகாட்டியின் முகம் தமக்கு நினைவில் நிற்கவில்லை என்று பி. ஓ. எம். வருந்துகிறார். தமக்கு நினைவிருப்பதாகவும், அவரை வைத்து என்றேனும் ஒன்று எழுதித் தருவதாகவும் கதைசொல்லி உறுதியளிக்கிறார். நூல் முடிகிறது.

மறக்கும் மனைவி, நினைக்கும் கணவர் என்னும் இவ்வமைப்பு அழகானது. பல வாசகரைத் தொட்டதும் இதுவே. ஆனால் 2015இல் வெளிவந்த ‘ஹெமிங்வே லைப்ரரி’ பதிப்பு இதற்கு வேறொரு வெளிச்சம் தருகிறது. பயணத்தின்போது பாலீன் எழுதிய நாட்குறிப்பு அப்பதிப்பில் அச்சிடப்பட்டுள்ளது. நூலில் மறப்பவராகக் காட்டப்பட்டவரே பயணத்தில் குறித்துவைத்தவர். இவ்விரு பிரதிகளையும் நாள்வாரியாக ஒப்பிட்டு வாசிக்கும் பணி தமிழ்ச்சூழலில் இனித்தான் தொடங்க வேண்டும். முக்கியமாகச் சிங்கம் வீழ்ந்த நாளையும் குடு வீழ்ந்த நாளையும் அவ்வாறு வாசிப்பது பயண இலக்கிய ஆய்வாளருக்குப் பெரிதும் உதவும்.

கலிலேயக் கரையில் யாரும் ம்கோலாவின் முகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கழுதைப்புலி சுடப்படும்போதெல்லாம் அவர் சிரித்த சிரிப்பு, துப்பாக்கியை அவர் துடைத்த முறை, கதைசொல்லி குறி தவறியபோது அவர் காட்டிய அமைதி ஆகியவை நூலில் நிறைந்துள்ளன. பாப்பைக் காட்டிலும் தெளிவாக வரையப்பட்டவர் அவர். அவர் தம் ஊருக்குத் திரும்பி இந்த அமெரிக்கர்களைப் பற்றி என்ன கூறினார் என்பதற்கு மட்டும் நாட்குறிப்பு எதுவும் நம்மிடம் இல்லை.