சீமை அகத்தி: இலைப் பெயர் மட்டும் போதுமா?

படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலையை அரைச்சுப் பூசுறது நம்ம ஊர்ல பழைய பழக்கம். இலையில் ரெய்ன், எமோடின் போன்ற ஆந்த்ராகுவினோன்கள் இருப்பதும் உண்மைதான். ஆனால் இதைப் பற்றி வரும் கட்டுரைகள் பலவும் "இலைச் சாறு பூஞ்சையைத் தடுத்தது" என்று முடித்துவிடுகின்றன. எந்த மாதம் பறித்தது? தளிரா, முற்றிய இலையா? தண்ணீரில் எடுத்த சாறா, எத்தனாலிலா? எமோடின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எத்தனாலில் கரையும். இது இல்லாத முடிவு, வெர்ஷன் நம்பர் போடாத டெஸ்ட் ரிப்போர்ட் மாதிரிதான். திரும்பச் செய்து பார்க்க வழியில்லை.

அடுத்தது, அகார் தட்டில் அளக்கும் வளையம். தண்ணீரில் கரையாத பொருள் அகாரில் சரியாகப் பரவாது. அதனால் வளையம் சின்னது என்பதற்காக வீரியம் குறைவு என்று சொல்லிவிட முடியாது. வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவைக் கொடுத்தால்தான் ஒப்பிடலாம்.

ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ எண்ணெய்க்கு ஐஎஸ்ஓ 4730 இருக்கு. அதன் 2017 பதிப்புப்படி டெர்பினென்-4-ஆல் 35 முதல் 48 சதவீதம் இருக்கணும். இலைச் சாற்றுக் கட்டுரைகளும் குறைந்தபட்சம் முக்கியப் பொருளின் அளவையாவது சொல்லலாமே?

டெர்பினாஃபினுக்கு அடங்காத டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே இந்தியாவில் பரவியிருக்கும் நேரம் இது. மாத்திரை கேட்காதவர் இலையைத் தேடித்தான் வருவார். அவருக்கு "நல்லது" என்ற ஒரு வார்த்தை போதாது. எவ்வளவு, எதில் எடுத்தது என்பதையும் சொல்லணும்.