மணிக்கட்டில் உட்காரும் கடிகாரம்

ஐ.டபிள்யூ.சி.யின் 'பிக் பைலட்' கடிகாரத்தைக் கண்டதும் பலரும் கேட்பது, "46 மில்லிமீட்டரா, நம்ம கைக்குத் தாங்குமா?" என்பதுதான். அதன் மூதாதையான 1940-ஆம் ஆண்டு விமானிக் கடிகாரம் 55 மில்லிமீட்டர். அதைத் தடித்த ஜாக்கெட்டின் கைக்கு மேல் கட்டிக்கொண்டார்கள். வெறுங்கைக்கென்று பிறந்த அளவே இல்லை அது.

விட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வார் மாட்டும் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே உள்ள நீளத்தை அளந்து பாருங்கள். மணிக்கட்டின் தட்டையான மேற்புறத்துக்குள் அது அடங்கினால் 44 கூடப் பாந்தமாக உட்காரும். முனைகள் நீட்டிக்கொண்டு, வாருக்கும் தோலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் 40-உம் இரவல் வாங்கிக் கட்டியதுபோல்தான் இருக்கும். மணிக்கட்டின் சுற்றளவு பாதிக் கதையைத்தான் சொல்லும். ஒரே சுற்றளவில் ஒரு கை தட்டையாகவும் இன்னொன்று உருண்டையாகவும் இருக்கும்.

போனில் கிட்டத்தில் படமெடுத்துப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. அருகில் இருப்பதை லென்ஸ் ஊதிக் காட்டும். ஆளுயரக் கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள். ஊரார் பார்ப்பது அதைத்தான். பிறகு உள்ளங்கையை மேசையில் ஊன்றி எழுந்திருங்கள். பிக் பைலட்டின் பெரிய கூம்புத் திருகு, கையுறையோடு திருக வைத்த அந்தக் காலத்து வடிவம். அது புறங்கையில் குத்துகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

2021-இல் இதையே 43 மில்லிமீட்டரிலும் கொண்டுவந்தார்கள். ஒல்லிக் கைக்காரர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.