வேரைக் கிள்ளிப் பார்

இலை துவண்ட செடியைக் கண்டால் நம் கை தானாகச் சொம்பைத் தேடும். ஃபெலனாப்ஸிஸ் ஆர்க்கிட்டிடம் அந்தக் கைதான் எமன். வேர் அழுகிவிட்டால் சட்டி நிறைய ஈரம் இருந்தும் உறிஞ்ச வழியில்லை, இலை சுருங்கும். தண்ணீர் இல்லாமல் காய்ந்தாலும் அதே சுருக்கம்தான். இரண்டு நோய்க்கும் ஒரே முகம். இந்த வைத்தியத்தில் எனக்கு ருசி தட்டியதே இந்தக் குழப்பத்தால்தான்.

மாடி வீட்டு அக்கா ஒருநாள் சட்டியோடு இறங்கி வந்தார். "தினம் ரெண்டு வேளை ஊத்துறேன் தம்பி, தேறவே மாட்டேங்குது." ஓட்டையில்லாத பீங்கான் சட்டி. அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர். வேரைச் சுற்றியிருந்த பாசியைப் பிரித்தால், நடுவில் நாற்றுப் பருவத்தில் திணித்த கட்டி அப்படியே இறுகிக் கிடக்கிறது. வாடை சொல்லிவிட்டது.

1825இல் ப்ளூம் என்ற தாவரவியலாளர், அந்துப்பூச்சி போலிருக்கிறதென்று இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். பூவைப் பார்த்து வைத்த பெயர். நானாக இருந்தால் வேரைப் பார்த்து வைத்திருப்பேன். மரக்கிளையைப் பற்றிக் காற்றில் தொங்கும் வேர் அது. மேலே செத்த செல்களால் ஆன வெண்ணிறப் போர்வை. மழை பட்டதும் மையொற்றுத் தாள்போல இழுத்துக்கொள்ளும். காய்ந்தால் வெள்ளி, நனைந்தால் உள்ளிருக்கும் பச்சை தெரியும். வெள்ளியானதும் தண்ணீர் விட்டால் போதும், நாள் கணக்கு வேண்டாம்.

நிறத்தை மட்டும் நம்பி வெட்டக் கூடாது. தேங்காய் மட்டைச் சாயம் ஏறிப் பழுப்பான வேரும் நன்றாக உயிரோடிருக்கும். கிள்ளிப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் விட்டுவிடலாம். அழுகியது என்றால் உறை வழுக்கிக்கொண்டு கையோடு வரும், நடுநரம்பு மட்டும் நூலாக மிஞ்சும். அக்காவின் செடியில் நல்ல வேர் மூன்று தேறியது.

பிளேடைத் தீயில் காட்டி அழுகலை வெட்டினேன். வெட்டுவாயில் மட்டும் லவங்கப்பட்டைத் தூள். நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும். பூத்தண்டில் இரண்டு மொட்டு இருந்தது. அதையும் நறுக்கியபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று வேரை வைத்துக்கொண்டு செடி பூவுக்கும் சோறு போட முடியாது. ஒருநாள் காயவிட்டு, பல தண்ணீரில் அலசி உப்பு போக்கிய தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு, ஓட்டை போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் நட்டேன். உரம் இல்லை. குருத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. அங்கே அழுகினால் பிழைப்பது அரிது.

சுருங்கிய இலை பழையபடி நிமிரவில்லை. அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஏழாவது வாரம் அடியிலையின் கக்கத்தில் பச்சை நுனி ஒன்று, பேனா முள் அளவுக்கு. பத்து நாள் கழித்து மாடியிலிருந்து குரல்:

"தம்பி, வேரு வெளிய போகுது, உள்ள அமுக்கி விடட்டுமா?"

செருப்புகூடப் போடாமல் படியேறினேன்.