பயிற்சி மாணவருக்கு ஒரு ஜெர்மனி கையேடு

பொறியியல், அறிவியல் மாணவர்கள் கோடைப் பயிற்சிக்கு ஜெர்மனி போவது சென்னைக்கும் கோவைக்கும் புதிதல்ல. விசா கைக்கு வரும்போதே ஒரு நாட்டுக் கையேடும் வந்துவிடுகிறது. வீடு, வங்கி, பேருந்து, பழக்கவழக்கம் என்று எல்லாமே அதில் உண்டு. போய் இறங்கிய முதல் வாரத்தில் மாணவர் சரியான முடிவெடுக்க அது உதவுகிறதா என்பதுதான் அதற்குரிய உரைகல்.

இத்தகைய கையேடுகளின் பலம் நடைமுறைத் தகவல். ஆபத்துக்கு 112, போலீசுக்கு 110, ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட்: இவை போன முதல் நாளே கைகொடுக்கும். சறுக்குவது வரிசையில். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று வேண்டும்; பதிவான பிறகே வழக்கமாக வரி எண் தபாலில் வரும். ஆகவே முன்பணம் அனுப்பும் முன்பே "சான்று தருவீர்களா?" என்று கேட்டுவிட வேண்டும். வீட்டை ஓர் அத்தியாயத்திலும் பதிவை இன்னொன்றிலும் வைத்தால் இது மாணவருக்கு எப்படித் தெரியும்? வெளிநாட்டில் வசிப்பவர் மூன்று மாதம் வரை தங்குவதற்குச் சட்டம் பதிவிலிருந்து விலக்கு அளிப்பதும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. விலைகளுக்குத் தேதி இருப்பதில்லை. ஜெர்மனி முழுதும் உள்ளூர், வட்டாரப் போக்குவரத்தில் செல்லும் மாதப் பயணச்சீட்டு 2023இல் 49 யூரோ, 2025இல் 58, 2026இல் 63.

பண்பாட்டுப் பகுதி இன்னும் பலவீனம். ஜெர்மானியர் நேரம் தவறாதவர், ஒளிவுமறைவில்லாமல் பேசுபவர் என்பது ஒரு தேசத்துக்கே எழுதிய நன்னடத்தைச் சான்றிதழ். நம் மாணவர் பலர் புரியாத வேலைக்கும் மரியாதை கருதித் தலையாட்டிவிடுவார்கள். அங்குள்ள வழிகாட்டி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சொன்ன நாளில் வேலையைக் கேட்பார். எழுத வேண்டியது இதைத்தான்.

பொதுப்படையான குறிப்பும் முதல் அதிர்ச்சியைத் தணிக்கும் என்று வாதிடலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. காரணத்தைச் சொல்வது அதைவிட அதிகம் உதவும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும் என்பது தகவல். ஞாயிறு ஓய்வுநாள் என்பது 1919இன் வைமார் அரசியலமைப்பில் இடம்பெற்று, 1949இன் அடிப்படைச் சட்டத்திலும் தொடரும் பாதுகாப்பு. இது தெரிந்த மாணவர், அன்று சுவரில் துளை போடக் கூடாது, தெருவோரக் கண்ணாடித் தொட்டிக்குள் பாட்டில்களை எறியக் கூடாது என்பதைத் தாமே ஊகித்துவிடுவார்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, உரிமைகளைப் பற்றிய மௌனம். படிப்பின் விதிமுறைப்படி கட்டாயமான பயிற்சிக்கு, 2015இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. விருப்பப் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் பொருந்தும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மாணவர் அறிய வேண்டிய செய்தி இது. கையேடோ அவரை விருந்தாளியாகவே பார்க்கிறது. அவர் அங்கே உழைக்கவும் போகிறார் என்பதை மறந்துவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு: கையேட்டை எடுத்துச் செல்லலாம், அதை மட்டும் நம்பிப் புறப்படக் கூடாது. குணநலப் பக்கங்களை நீக்கிவிட்டு, செய்ய வேண்டியவற்றுக்கு வரிசையும் விலைகளுக்குத் தேதியும் உரிமைகளுக்கு ஓர் அத்தியாயமும் சேர்க்க வேண்டும். பயிற்சி முடித்துத் திரும்பும் மாணவர்களே அதை ஆண்டுதோறும் திருத்தித் தர வேண்டும்.